ஆச்சியோட சங்கிலிய முக்குபண்டம்னு சொல்லிட்டாங்க, அசலா கவரிங்கானு எப்படி தெரிஞ்சுக்கிறது?

செங்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மனசு ஒடைஞ்சு போய் எழுதுதேன், நகை வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா பதில் சொல்லுங்க. எங்க ஆச்சி, அம்மாவோட அம்மா, தவறி நாலு மாசம் ஆவுது. அவ நகைனு விட்டுட்டு போனது மொத்தமே மூணு, ஒரு சங்கிலி, ஒரு ஜோடி பாம்படம், பச்சைக்கல்லு வச்ச பாலக்கா மாலை ஒண்ணு. தம்பிக்கு காலேஜ் பீஸ் கட்டணும்னு சங்கிலிய மட்டும் அடகு வைக்கலாம்னு முடிவு பண்ணினோம், கேரளாவுல புனலூர்ல மாமா வேலை பாக்காரு, அங்க வட்டி கொறைச்சலா இருக்குனு சொன்னாரு, அதனால நானும் அம்மாவும் ஆரியங்காவு வழியா பஸ்ல போனோம்.

அங்க ஒரு கடையில பையன் ஒருத்தன் சங்கிலிய வாங்கி கொக்கி பக்கத்துல ஒரே ஒரு உரசு உரசினான், உரசின உரைகல்லுல ஒரு சொட்டு ஆசிட் விட்டான், புசுபுசுனு பொங்கி பச்சையாயிட்டு. "இது முக்குபண்டமா"னு மலையாளத்துல சத்தமா சொல்லிட்டு தட்டோட தள்ளி விட்டுட்டான். சுத்தி அஞ்சாறு பேரு நிக்காங்க. அம்மாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு, திரும்பி வர்ற வழி முழுக்க பேசவே இல்ல.

இப்ப பிரச்சனை அது இல்ல. ஆச்சிய கடைசி ஆறு வருஷம் பாத்துக்கிட்டது எங்க சித்தி. பீரோ சாவி அவகிட்டதான் இருந்துச்சு. பெரிய மாமா நேரா கேட்டுட்டாரு, "அசல வித்துட்டு கவரிங்க வச்சிட்டியா"னு. சித்தி ரெண்டு நாளா சாப்பிடல. அவ அப்படி செஞ்சிருக்க மாட்டானு என் உசிர வச்சு சொல்லுவேன், ஆனா சங்கிலி கவரிங்னா பின்ன யாரு மாத்தினதுனு கேட்டா எனக்கு பதில் இல்ல. நகை எதுலயும் 916 முத்திரை இல்ல, பாம்படமும் கைல எடுத்தா லேசா இருக்கு. வீட்டுலயே பாத்து தெரிஞ்சுக்க ஏதாச்சும் வழி இருக்கா?

புனலூர்த்தமிழன்:

தங்கச்சி முதல்ல ஒரு விஷயம். முக்குபண்டம்னா இங்க தங்கத்துல முக்கி எடுத்த பண்டம், அதாவது முலாம் பூசினது, நம்ம ஊர்ல கில்ட் நகை கவரிங்னு சொல்றதுதான். கேரளா பேப்பர எடுத்தீங்கனா முக்குபண்டம் பணயம் வச்சு ஏமாத்தினாங்கனு நியூஸ் அடிக்கடி வந்துக்கிட்டே இருக்கும், அதனால இங்க அடகு கடைக்காரங்க எல்லாரும் அரண்டு போய் கெடக்காங்க, அதுலயும் அந்த பக்கத்துல இருந்து தமிழ் பேசிக்கிட்டு பழைய நகைய கொண்டு வந்தா இன்னும் சந்தேகம் ஜாஸ்தி. நான் இருபது வருஷமா இங்க இருக்கேன், என்னையே அப்படித்தான் பாப்பாங்க. அவன் சொன்னத தீர்ப்பா எடுத்துக்காதீங்க. ஒரு உரசுல முடிவு சொல்ற ஆளு அவசரக்காரன்.

குற்றாலச்சாரல்:

வீட்டுலயே ஈசியா பாக்கலாமே. காந்தத்த பக்கத்துல கொண்டு போங்க, ஒட்டினா போலி ஒட்டலனா தங்கம். எலுமிச்சம்பழ சாறுல அஞ்சு நிமிஷம் போட்டு பாருங்க, கலர் மாறினா கவரிங். வெள்ளை செராமிக் தட்டோட அடிப்பக்கத்துல தேச்சா தங்கம் மஞ்சள் கோடு போடும் போலி கறுப்பு கோடு போடும். எங்க பாட்டி பல்லால கடிச்சே சொல்லிரும்.

பட்டறைமகன்_தென்காசி:

எங்க அப்பா நகை ஆசாரி, தாத்தாவும் அதே, நானும் பத்து வருஷம் ஊதுகுழல் பிடிச்சவன். மேல உள்ள அண்ணாச்சி நல்ல மனசோடதான் சொல்லிருக்காரு, ஆனா அதுல பாதி ஆபத்து, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

காந்தம் ஒட்டலனா தங்கம்னு யாரும் நம்பாதீங்க. பித்தளை ஒட்டாது, செம்பு ஒட்டாது, வெள்ளி ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. கவரிங் நகை பெரும்பாலும் செம்புலயும் பித்தளையிலயும்தான் செய்யுறாங்க, அப்ப காந்தம் வச்சு என்ன கண்டுபிடிப்பீங்க? இரும்பு நிக்கல் கலந்த மட்டமான சாமான மட்டும்தான் அது பிடிக்கும். இன்னொண்ணு, அசல் தங்க சங்கிலிலயே கொக்கிக்குள்ள ஸ்பிரிங் இரும்புல இருக்கும், அந்த எடத்துல காந்தம் லேசா இழுக்கும், அத பாத்து அசல போலினு நினைச்சிரக்கூடாது. எலுமிச்சை சாறுல கல்லு வச்ச நகைய போடவே போடாதீங்க, கல்லுக்கு அடியில வச்ச தகடு கெட்டுப்போகும். பல்லால கடிக்கிறது ஈயத்துக்கும் பதியும். தட்டுல தேக்கிறது மேல்பூச்ச தேக்கிறது மட்டும்தான், பூச்சு கனமா இருந்தா அதுவும் மஞ்சள் கோடுதான் போடும்.

நான் சொல்ல வர்றது இதுதான். மேல சொன்ன எந்த சோதனையும் ஒரு நகைய போலினு வேணும்னா சொல்லும், அசல்னு ஒருநாளும் சொல்லாது. அதே மாதிரி ஒரு எடத்த உரசி மொத்த நகைக்கும் பேரு வைக்கக்கூடாது. உரைகல்லுல உரசுறப்ப என்ன நடக்குதுனா, நகைய கறுப்பு கல்லுல தேச்சா ஒரு கோடு விழும், பக்கத்துலயே மாத்து, அதாவது தங்கத்தோட சுத்தம், முன்னாடியே தெரிஞ்ச ஆணியால இன்னொரு கோடு போடுவோம், ரெண்டு மேலயும் திராவகம் விட்டு எது எப்படி கரையுதுனு ஒப்பிட்டு பாப்போம். பத்தரை மாத்துனு பேச்சுல சொல்றோமே அது இதுல இருந்து வந்ததுதான். பொங்கி பச்சையானா அந்த உரசின எடத்துல செம்பு இல்லனா பித்தளை இருக்குனு அர்த்தம். அந்த எடத்துல மட்டும்தான். சங்கிலி முழுக்கனு அந்த பையனுக்கு எப்படி தெரியும்? வளையத்துல உரசினானா? நடுவுல, ரெண்டு பக்கம், டாலர் மாட்டுற எடம்னு நாலு எடம் பாத்தானா?

கொக்கி பக்கத்துல உரசினான்னு எழுதிருக்கீங்க. உரசு வெளிய தெரியக்கூடாதுனு எல்லாரும் அங்கதான் உரசுவாங்க. ஏமாத்துறவனுக்கும் அது தெரியும், அதனால கொக்கியையும் பக்கத்துல நாலு வளையத்தையும் மட்டும் நல்ல தங்கத்துல செஞ்சு மிச்சத்த கவரிங்ல விட்டு அடகு வைக்கிறவனும் உண்டு. உங்க சங்கிலி அதுக்கு நேர் எதிரா இருக்கலாம். கொக்கி பழசா புதுசா, எப்பவாச்சும் அத்து மாத்தினாங்களானு வீட்டுல கேளுங்க. கலர உத்து பாருங்க.

முத்திரை இல்லங்கிறதுக்கு பயப்பட வேண்டாம். தங்கத்துக்கு ஹால்மார்க் நம்ம நாட்டுல ஆரம்பிச்சதே 2000ல, கட்டாயம் ஆனது 2021 ஜூன்ல. ஆச்சி நகையில எப்படி இருக்கும்?

செங்கோட்டைக்காரி:

அண்ணாச்சி நீங்க எழுதினத அம்மாகிட்ட வாசிச்சு காமிச்சேன். கொக்கி மாத்தினது அம்மாவுக்கு ஞாபகம் இல்ல. ஆனா நல்ல வெளிச்சத்துல பாத்தா கொக்கி பளபளனு எலுமிச்சை மஞ்சளா இருக்கு, சங்கிலி கொஞ்சம் செவந்த மஞ்சளா மங்கலா இருக்கு. கொக்கில அந்த பையன் உரசின எடத்துல உள்ள செவப்பா தெரியுது. சங்கிலி வளையத்துல ஒண்ணோட ஒண்ணு உரசி தேஞ்ச எடம் நெறைய இருக்கு, அங்கெல்லாம் உள்ளயும் அதே மஞ்சள்தான்.

பட்டறைமகன்_தென்காசி:

தேஞ்ச எடத்துலயும் அதே மஞ்சளா? அது ரொம்ப நல்ல அறிகுறி தங்கச்சி. கவரிங் முதல்ல வெளுத்துப்போற எடம் அதுதான், வளையம் வளையத்தோட உரசுற எடம், வளையலோட உள்பக்கம், தோட்டு தண்டு, திருகாணி, மோதிரத்தோட அடி. பூச்சோட கனம் மைக்ரான் கணக்குலதான் இருக்கும், ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர ஆயிரம் பங்கு வச்சா ஒரு பங்கு. வேர்வையும் சோப்பும் பட்டு தேஞ்சா செம்பு வெளிய வந்துரும், கழுத்துல பச்சை படியிறது அதனாலதான். ஐம்பது வருஷம் கழுத்துல கெடந்த சங்கிலி கவரிங்கா இருந்தா இன்னிக்கு அதுல மஞ்சளே மிஞ்சிருக்காது.

ஆனா இதுவும் ருசு கெடையாது. போன மாசம் மாத்தி வச்ச கவரிங்கா இருந்தா தேஞ்சிருக்காதேனு உங்க மாமா கேப்பாரு. அதனால தண்ணில எடை போடுங்க. நகை எடை போடுற குட்டி தராசு, 0.01 கிராம் வரை காட்டுறது, யாருகிட்டயாச்சும் கடன் வாங்குங்க. மொதல்ல சங்கிலிய காய்ஞ்சபடி எடை போட்டு எழுதிக்கோங்க. அப்புறம் ஒரு டம்ளர்ல தண்ணி வச்சு தராசு மேல வச்சு எடைய பூஜ்யம் ஆக்கிருங்க. சங்கிலிய நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி கைல தொங்க விடுங்க, அடியிலயும் படக்கூடாது பக்கத்துலயும் படக்கூடாது, காத்து குமிழ் ஒட்டிருந்தா ஆட்டி விட்டுருங்க. இப்ப தராசு ஒரு சின்ன நம்பர் காட்டும். மொத எடைய அந்த நம்பரால வகுத்துருங்க, தண்ணிய விட அது எத்தன மடங்கு கனம்னு வரும். சுத்த தங்கம்னா 19.3 வரும், 22 கேரட்னா பதினேழரை பதினெட்டு கிட்ட, 18 கேரட்னா பதினஞ்சு கிட்ட, வெள்ளினா பத்தரை, செம்புனா ஒம்பது, பித்தளைனா எட்டரை. பூச்சு எவ்வளவு அழகா இருந்தாலும் இந்த கணக்க ஏமாத்துறது கஷ்டம். டங்ஸ்டன்னு ஒரு உலோகம் 19.25, அது தங்கத்தோட கிட்டத்தட்ட சமமான கனம், ஆனா அத தங்க பிஸ்கட்டுக்குள்ள பொதிச்சு ஏமாத்துவாங்களே தவிர சங்கிலி வளையமா செய்யுறது ரொம்ப கஷ்டம்.

பாம்படத்துக்கு இத செய்யவே செய்யாதீங்க. பாம்படம் லேசா இருக்குனு எழுதிருக்கீங்க, லேசாத்தான் இருக்கும், அது தங்கத் தகட்ட உருட்டி உள்ள அரக்கு அடைச்சு செய்யுற சாமான். கட்டித் தங்கத்துல அந்த சைஸ்ல செஞ்சா காது அந்து போகும்லா. தண்ணி எடையில அது போலி மாதிரித்தான் காட்டும், இடுக்கு வழியா தண்ணி உள்ள போனா அரக்கும் கெடும். சூடு காட்டவே கூடாது, அரக்கு உருகி வெளிய வந்துரும். பாலக்கா மாலைலயும் கல்லு இருக்கதால இந்த கணக்கு வராது.

எல்லை_தாண்டி:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? சாவி யாருகிட்ட இருந்துச்சோ அவங்கதான் பதில் சொல்லணும். ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைண்ட் குடுத்தா ரெண்டே நாள்ல உண்மை வெளிய வந்துரும். சொந்தம்னு பாத்தா இப்படித்தான்.

பட்டறைமகன்_தென்காசி:

அண்ணன், கோவத்தோட சொல்லல, வருத்தத்தோட சொல்றேன், இந்த மாதிரி எழுதாதீங்க. எங்க பட்டறை வாசல்ல எத்தன வீட்டு சண்டைய பாத்திருக்கோம் தெரியுமா. மாமியார் குடுத்த நகை மாத்து கொறைவா இருக்குனு மருமக அழுவா, கடைசில பாத்தா நகை நல்ல நகைதான், பத்தவச்ச எடத்துல உரசினதால கொறைச்சு காட்டிருக்கும். பழைய காலத்து நகையில இது சகஜம். வளையத்த பத்தவைக்க அப்ப பொடினு ஒண்ணு போடுவாங்க, தங்கத்தோட செம்பும் வெள்ளியும் கூட்டி செய்யுறது, அது இளகுற சூடு கொறைவா இருக்கணும்ல, அதனால மாத்தும் கொறைவா இருக்கும். நெறைய ஜாயிண்ட் உள்ள சங்கிலிய மொத்தமா உருக்கினா 22 கேரட் தங்கத்துல செஞ்சது 20 கேரட்டா வந்து நிக்கும். ஆசாரி திருடிட்டான்னு பழி வரும். அப்புறம்தான் கேடிஎம் வந்துச்சு, காட்மியம் கலந்து பத்தவைக்கிறது, அது சூட்டுல ஆவியா போயிரும் அதனால மாத்து கொறையாது, ஆனா அந்த புகை ஆசாரியோட நெஞ்ச அரிச்சிரும். எங்க அப்பா இருமுறது அதனாலதானோனு எனக்கு இன்னிக்கும் ஒரு நினைப்பு உண்டு. இப்ப அத நிறுத்தச் சொல்லியாச்சு. 916 கேடிஎம்னு அடிச்சிருந்தா அது ஹால்மார்க்கும் கெடையாது.

இன்னொரு விஷயமும் இருக்கு. 1963ல தங்கக் கட்டுப்பாடு வந்தப்ப 14 கேரட்டுக்கு மேல நகை செய்யக்கூடாதுனு சட்டம் போட்டாங்க, 1966 வரைக்கும் அந்த தடை இருந்துச்சு. எங்க தாத்தா தொழில விட்டுட்டு வயல் வேலைக்கு போனது அந்த சமயத்துலதான். அந்த வருஷங்கள்ல செஞ்ச நகைனா மாத்து கொறைஞ்சே இருந்தாலும் அது யாரும் ஏமாத்தினது கெடையாது. இதெல்லாம் பாக்காம ஒரு பொம்பளைய ஸ்டேஷன்ல கொண்டு நிறுத்துறதா?

கூட்டுறவுஅக்கா:

நான் கூட்டுறவு பேங்க்ல நகைக்கடன் பிரிவுல இருந்து ரிட்டயர்ட் ஆனவ. ஆசாரி தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. எங்க பேங்க்ல மதிப்பீட்டாளர் ஒரு சங்கிலிக்கு கொறைஞ்சது மூணு எடம் உரசுவாரு, சந்தேகம் வந்தா அரத்தால லேசா ராவிட்டு உள்ள உள்ளத உரசுவாரு, கொக்கிய தனியா பாப்பாரு. கல்லு, அரக்கு, நூலு எடையெல்லாம் கழிச்சிட்டு நிகர எடைய தனியா எழுதுவோம். இப்ப ரிசர்வ் பேங்க் 2025ல போட்ட விதிப்படி கடன் வாங்குறவங்க முன்னாடியே வச்சுத்தான் மதிப்பீடு செய்யணும், எதுக்கு எவ்வளவு கழிச்சோம்னு சொல்லணும், சர்டிபிகேட்டும் குடுக்கணும். உங்க அம்மா நேர்ல நின்னாங்க, ஆனா விளக்கம் யாரும் சொல்லலையே.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்மா. பிஐஎஸ்னு சொல்ற இந்திய தர நிர்ணய அமைப்போட அங்கீகாரம் உள்ள ஹால்மார்க் சென்டருக்கு நேரா போங்க. கடைக்காரங்களுக்கு மட்டும்தான்னு நெறைய பேரு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, நம்மள மாதிரி ஆளுங்களும் சொந்த நகைய குடுத்து சோதிச்சு ரிப்போர்ட் வாங்கலாம். நாலு நகை வரைக்கும் மொத்தமா 200 ரூபா, அஞ்சும் அதுக்கு மேலயும்னா ஒரு நகைக்கு 45 ரூபா, வரி தனி. எந்த ஊர்ல சென்டர் இருக்குனு பிஐஎஸ் கேர் ஆப்லயே பாக்கலாம், உங்களுக்கு திருநெல்வேலி பக்கம். அங்க எக்ஸ்ரே மிஷின் இருக்கும், நகைய வெட்ட மாட்டாங்க. மூணு நகையையும் கொண்டு போங்க. சித்தியையும் கூட கூட்டிட்டு போங்கம்மா, அவங்க கண்ணால பாக்கட்டும்.

நகரிக்காரன்:

நான் நகரி, ஆந்திரா பார்டர். எங்க பக்கம் ஒன் கிராம் கோல்டுனு கடைக்கு கடை விக்கிறாங்க, மச்சிலிப்பட்டணத்துல இருந்து ரோல்டு கோல்டு வருது, தமிழ்நாட்டுல சிதம்பரம் கவரிங் மாதிரி அங்க அது பேமஸ். கல்யாணத்துல போட்டா ஒரு ஆசாரி கூட தூரத்துல இருந்து கண்டுபிடிக்க முடியாது. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, கவரிங்னு சொல்லித்தான் விக்கிறாங்க.

ஆனா எங்க பெரியப்பாவுக்கு நடந்தத சொல்றேன், ஒரு எடத்த பாத்து மொத்தத்தையும் நம்பினா என்ன ஆகும்னு தெரியும். ரோடு வேலை பாக்குற ஆளுங்கனு ரெண்டு பேரு வந்தாங்க, பள்ளம் தோண்டுறப்ப பொதையல் கெடைச்சுச்சு, குண்டுமணி மாலை, வெளிய சொன்னா கவர்மெண்ட் எடுத்துக்கும், கொறைஞ்ச வெலைக்கு குடுக்கிறோம்னு. பெரியப்பா உஷாராத்தான் இருந்தாரு, மொதல்ல சோதிக்கணும்னாரு. அவங்களே மாலையில இருந்து ஒரு குண்ட பிச்சு குடுத்தாங்க, கொண்டு போய் கடையில காமிச்சாரு, சொக்கத் தங்கம்னு சொல்லிட்டாங்க. ஒன்றரை லட்சம் குடுத்து வாங்கினாரு. அந்த ஒரு குண்டு மட்டும்தான் தங்கம், மிச்சம் எல்லாம் பித்தளை. அவரு அதுக்கப்புறம் வீட்ட விட்டு வெளிய வரவே மாசக்கணக்கு ஆச்சு.

புளியரைப்பையன்:

நடுவுல ஒரு கேள்வி, தங்கச்சிக்கு நிச்சயம் ஆகிருக்கு, புது நகை வாங்க போறோம். 916 சீல் இருந்தா போதுமா?

கூட்டுறவுஅக்கா:

போதாது தம்பி. 916ங்கிற நம்பர யாரும் பஞ்ச் வச்சு அடிச்சிரலாம். 2023 ஏப்ரல் 1ல இருந்து மூணு குறி இருந்தாத்தான் விக்கணும். பிஐஎஸ் முக்கோண முத்திரை, 22கே916னு சுத்தம், அப்புறம் எழுத்தும் நம்பரும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடிங்கிற அடையாள நம்பர். ஒவ்வொரு நகைக்கும் அது வேற வேற. பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த ஆறையும் போட்டா எந்த கடை பதிவு பண்ணுச்சு, எந்த சென்டர் சோதிச்சுது, என்ன நகை, என்ன சுத்தம்னு வரும். கைல சங்கிலிய வச்சுக்கிட்டு ஆப்ல மோதிரம்னு வந்தா அந்த நம்பர எங்கேயோ இருந்து காப்பி அடிச்சிருக்காங்கனு அர்த்தம். இத நெறைய பேரு பாக்கிறதில்ல, நம்பர் வந்துச்சானு மட்டும் பாத்துட்டு மூடிருவாங்க. குறி ரொம்ப பொடிசா இருக்கும், கடையிலயே லென்ஸ் கேளுங்க, குடுக்கணும். ரெண்டு கிராமுக்கு கீழ உள்ளதுக்கு கட்டாயம் இல்ல, அதனால மூக்குத்தில இல்லனு சண்டை போடாதீங்க. பில்லுல சுத்தமும் எடையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. ஹால்மார்க் போட்ட நகை பின்னாடி சோதிக்கிறப்ப கொறைவா வந்துச்சுனா, கொறைஞ்ச தங்கத்தோட மதிப்புக்கு ரெண்டு மடங்கும் சோதனை செலவும் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

செங்கோட்டைக்காரி:

தராசு கெடைச்சுச்சு, பக்கத்து தெருவுல வெள்ளி கொலுசு விக்கிற அண்ணன் குடுத்தாரு. மூணு தடவ போட்டு பாத்தேன். காய்ஞ்ச எடை 31.60, தண்ணில தராசு காட்டினது 1.94. வகுத்தா 16.29 வருது. 22 கேரட்டும் வரல, பித்தளையும் வரல. இது என்ன கணக்கு அண்ணாச்சி? எனக்கு கை நடுங்குது.

பட்டறைமகன்_தென்காசி:

தங்கச்சி, நிம்மதியா ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. பதினாறு காலுங்கிறது 20 கேரட் கிட்ட வர்ற கனம். அதுலயும் அந்த கொக்கி பித்தளையோ செம்போவா இருந்தா கணக்க கொஞ்சம் கீழ இழுக்கும். உள்ள செம்பு வச்சு மேல பூசினதுனா ஒம்பதுக்கு மேல பெருசா ஏறாது. மேல தங்கம் உள்ள வெள்ளினாலும் பதினொண்ண தாண்டுறதே கஷ்டம். சங்கிலி தங்கம். நான் கண்ணால பாக்கல, ஆனா கனம் பொய் சொல்லாது.

அவசரப்பட்டு மாமாகிட்ட சண்டைக்கு போகாதீங்க. அக்கா சொன்ன மாதிரி சென்டருக்கு போய் பேப்பர்ல வாங்கிட்டு வாங்க. தண்ணி எடை உங்களுக்கு புரியும், ஊருக்கு சீல் வச்ச பேப்பர்தான் புரியும். அங்க போறப்ப கொக்கி, வளையம், பத்தவச்ச எடம்னு தனித்தனியா பாக்க சொல்லுங்க. எக்ஸ்ரே மிஷின் மேல்தோல மட்டும்தான் பாக்கும், கனமா பூச்சு போட்ட சாமான அது சில சமயம் நல்ல தங்கம்னு சொல்லிரும். உங்ககிட்ட தண்ணி எடையும் இருக்கதால ரெண்டும் ஒத்துப்போச்சுனா பின்ன சந்தேகத்துக்கு எடமே இல்ல.

செங்கோட்டைக்காரி:

மன்னிச்சுக்கோங்க ஒரு வாரம் ஆயிட்டு எழுத. திருநெல்வேலி போயிட்டு வந்தோம், நான், அம்மா, சித்தி மூணு பேரும். சித்தி வரமாட்டேன்னுதான் சொன்னா, அம்மா கைய பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. பஸ்ல மூணு பேரும் ஒண்ணும் பேசல.

சங்கிலில நாலு எடம் பாத்தாங்க. மூணு எடத்துல தங்கம் நூத்துக்கு 83க்கு பக்கத்துல வந்துச்சு, பத்தவச்ச எடத்துல 76. கொக்கில வச்சப்ப செம்பும் துத்தநாகமும் வந்துச்சு, தங்கம் பேருக்குத்தான். கொக்கி மட்டும்தான் பித்தளை! அந்த பையன் உரசினது அதத்தான். மிஷின் பாத்தவரு சொன்னாரு, "கொக்கி அத்து போனப்ப அவசரத்துக்கு கில்ட் கொக்கி போட்டிருப்பாங்கம்மா, அடிக்கடி பாக்கிறோம்"னு. அதக் கேட்டதும் சித்திக்கு ஞாபகம் வந்துட்டு, ஆச்சி ஆஸ்பத்திரில இருந்தப்ப கொக்கி ஒடைஞ்சுது, கழட்டி வச்சா தொலைஞ்சுரும்னு பக்கத்துல பேன்சி கடையில ஒரு கொக்கி வாங்கி மாட்டிவிட்டது அவதான். அந்த எடத்துலயே உக்காந்து அழுதுட்டா. அம்மாவும் அழுதாங்க.

பாம்படம் 90 வந்துச்சு, உள்ள அடைப்பு இருக்குனு ரிப்போர்ட்ல எழுதி குடுத்துட்டாங்க. பாலக்கா மாலைதான் வெள்ளி, மேல தங்க முலாம்.

எல்லை_தாண்டி:

நான் எழுதினது தப்பு. உங்க சித்திகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. அப்ப அந்த பாலக்கா மாலை எப்ப மாறுச்சாம்?

செங்கோட்டைக்காரி:

மாறல அண்ணன், அது ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான்னு நினைக்கேன். ஆச்சி அத கல்யாண வீட்டுக்கு மட்டும்தான் போடுவா, வந்ததும் துணில தொடச்சு பஞ்சு வச்சு டப்பால மூடிருவா, வேர்வை பட்டா கறுத்துரும்னு சொல்லுவானு சித்தி சொல்லுதா. தங்கம்னா கறுத்துரும்னு எதுக்கு பயப்படணும்? அவளுக்கு தெரிஞ்சிருக்கு. அம்மாவுக்கும் இப்பத்தான் ஞாபகம் வருது, கொல்லத்துல வாங்கினதுனு.

பெரிய மாமாவுக்கு ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பினேன், பதில் இல்ல. நேத்து சாயங்காலம் சித்தி வீட்டு திண்ணையில ஒரு மணி நேரம் உக்காந்துட்டு போனாராம். என்ன பேசினாங்கனு சித்தி சொல்லல, நானும் கேக்கல. தம்பி பீஸுக்கு செங்கோட்டைலயே பேங்க்ல வச்சுக்கிறோம், கொக்கிய கழட்டிட்டு எடை போடுறேன்னு சொல்லிட்டாங்க.

அண்ணாச்சி, அதே மாத்துல ஒரு தங்க கொக்கி செஞ்சு போட எவ்வளவு ஆகும்? சங்கிலிய திருப்பினதும் தென்காசிக்கு கொண்டு வாரேன்.

பட்டறைமகன்_தென்காசி:

ஒரு கிராம் கிட்ட தங்கம் பிடிக்கும், அன்னிக்கு வெலை என்னவோ அது மட்டும் குடுங்க, கூலி வேண்டாம். எஸ் கொக்கியா போடுறேன், ஸ்பிரிங் வேண்டாம், அது சீக்கிரம் தளர்ந்துரும். கழட்டின பித்தளை கொக்கிய தூக்கி போடாம ரிப்போர்ட்டோட சேத்து வச்சுக்கோங்க, நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்டலாம். பாம்படத்தையும் அன்னிக்கு எடுத்துட்டு வாங்க, எங்க அப்பா பாக்கணும்னு கேட்டாரு, அவரு கைல பாம்படம் வந்து முப்பது வருஷம் ஆச்சாம். பஸ்ல ஜன்னல் ஓரம் வெயில்ல வைக்காதீங்க, துணில சுத்தி பைக்கு நடுவுல வச்சு கொண்டு வாங்க.